வெள்ளை ஓடும் வாரம்

தம்பி சாப்பிட வரும்போது தண்ணீர் பாட்டிலோடு வந்தான்.

சோப்பக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி தட்டை வைத்தாள். பக்கத்தில் டம்ளரை வைத்தாள். அவன் டம்ளரை விரல் நுனியால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பாட்டிலை வைத்தான்.

"என்னடா இது?"

"வயிறு சரியில்லக்கா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிச்சுதான் உனக்கு மீசை முளைச்சுது."

"அப்ப தண்ணி வேற."

"அப்ப சுவர் இல்ல," என்றாள்.

சோப்பக்கா என்பது தெரு வைத்த பெயர். வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டித் தொட்டிகள், தொட்டிகளுக்கு மேலே கொடிகள். ஸ்டேஷன் எதிரில் இருக்கும் லாட்ஜின் போர்வையும் தலையணை உறையும் அவள் கையில்தான் வெளுக்கும். அவள் துவைப்பாள், புருஷன் தேய்ப்பான். அவனைத் தெரு இஸ்திரி என்றது. தம்பியும் இந்தத் தொட்டிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தான். எந்த வெள்ளை மஞ்சளடிக்கிறது, எது சாம்பலடிக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண் அவனுக்கு இங்கே வந்தது. அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு பின்சுவருக்கு அந்தப்புறம் போய்விட்டான். அங்கே ஜீன்ஸ் பேண்டுகளைத் துவைத்து, கல்லோடு உருட்டி, நரைக்க வைத்துக் கப்பலேற்றும் கம்பெனி. அவன் வாஷிங் மாஸ்டர்.

கம்பெனி வந்த பிறகு கிணறு இறங்கியது. முதலில் படி தெரிந்தது. பிறகு படிக்குக் கீழே பாறை தெரிந்தது. கயிறு எட்டாமல் போய் இன்னொரு துண்டைச் சேர்த்து முடிந்திருந்தாள். இறைக்கும்போது அந்த முடிச்சு உருளையில் ஏறி ஒரு தடவை தடுக்கும். இறக்கும்போது ஒரு தடவை. அவள் தோள்பட்டைக்கு அந்த முடிச்சைத் தெரியும்.

லாட்ஜ் மேனேஜர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இன்னொரு தடவை தாமதமானால் மெஷின் லாண்டரிக்குப் போய்விடுவாராம். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. போர்வை இல்லாத படுக்கையைக் காட்டி வாடகை வாங்க முடியாது. கிணறு போனால் லாட்ஜ் போகும், லாட்ஜ் போனால் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவ்வளவுதான் விஷயம்.

"மோட்டார நிறுத்தச் சொல்லுடா," என்றாள்.

"எந்த மோட்டார்?"

"சுவத்துக்குப் பின்னாடி உறுமுதே, அது."

"அது கம்ப்ரசர். காத்துக்கு. எங்க போர்வெல்ல மூடி சீல் வெச்சாச்சு. ஓட்டின தண்ணியவே சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்ப ஓட்டறோம். வெளித்தண்ணி ஒரு சொட்டு கிடையாது."

"காத்தடிச்சா என் தொட்டித் தண்ணி ஏன்டா ஆடுது?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

இஸ்திரி பேச்சை மாற்றினான். அவனுக்குச் சண்டை பிடிக்காது, வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். தம்பி அவனுக்கென்று ஒரு கழிவு பேண்ட் கொண்டுவந்திருந்தான். இடுப்பில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. அதில் ஒரு நீலச் சொட்டு.

"இது என்ன மாப்ளே, கண்ணீரா?"

"தண்ணிய மிச்சம் பண்ணிச் செஞ்சதுன்னு அர்த்தம் மாமா. இந்த அட்டை இல்லன்னா அங்க கடைக்காரன் உள்ளயே விடமாட்டான்."

"ஒரு பேண்டுக்கு எவ்வளவு ஆகும்?"

தம்பிக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க வராது. "கழுவறது கொஞ்சம்தான். பருத்தி விளையறதுக்கு ஒரு ஊர்ல குடிக்கும். சாயத்துக்கு இன்னொரு ஊர்ல குடிக்கும். எல்லாம் சேத்துப் பாத்தா ஒரு பேண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணி."

இஸ்திரி பேண்டைத் தூக்கிப் பிடித்தான். மடிப்பைத் தடவினான். பையைத் திருப்பிப் பார்த்தான்.

"பாத்தா ஈரமே தெரியல," என்றான். "அப்ப கப்பல்ல போறது துணி இல்ல மாப்ளே. கிணறு. மடிச்சு, அட்டை மாட்டி அனுப்பறீங்க."

"பருத்தித் தண்ணி பருத்தி ஊர்க்காரன் பாடு. எங்க கணக்குல வராது."

"என் தண்ணி?" என்றாள் சோப்பக்கா.

"உன் தண்ணியும் வராது. நாங்க எடுக்கவே இல்லயே, எப்படி வரும்?"

"நாங்க பழச புதுசாக்கறோம்," என்றான் இஸ்திரி. "நீங்க புதுச பழசாக்கறீங்க. ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான் போல."

தம்பி சிரிக்கவில்லை. கை கழுவ எழுந்தான். பாட்டில் தண்ணீரிலேயே கழுவினான். கிளம்பும்போது, இந்த வாரம் முழுக்க வர முடியாது என்றான். வெள்ளை ஓடுகிறதாம். வெள்ளை ஜீன்ஸ். வாங்குகிறவர்களின் ஆள் ஒரு அம்மா வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறாள், தண்ணீரையும் துணியையும் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"நீலத்துல தப்பு வந்தா டிசைன்னு சொல்லித் தப்பிச்சுடலாம்," என்றான். "வெள்ளைல ஒளிய இடமே இல்லக்கா. உனக்குத் தெரியாததா."

பாதி பாட்டிலை மறந்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. ஜன்னல் மேலேயே இருந்தது.

அந்த வெளிநாட்டு அம்மா தங்கியிருந்தது அதே லாட்ஜில்தான். மறுநாள் காலையில் போர்வைக் கட்டை இறக்கும்போது சோப்பக்கா அவளைப் பார்த்தாள். வரவேற்பு மேஜைக்கு முன்னால், முதுகில் பை, கையில் தண்ணீர்க் குப்பி. பக்கத்தில் தம்பி. அவனுக்கு அந்த பாஷை வரும். கம்பெனியில் வேறு யாருக்கும் வராது. அதனால் அந்த வாரம் அவன்தான் அவளுக்கு வாய்.

தம்பி அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினான். சோப்பக்கா கட்டை மேனேஜர் காலடியில் போட்டுவிட்டு நேராகப் போய் நின்றாள்.

"அம்மா, நான் கம்பெனிக்குப் பின்னாடி வீடு. இவங்க போர் போட்டு என் கிணத்தத்தான் உறிஞ்சறாங்க. சீல் வெச்சிருக்குன்னு சொல்றது பொய். நீங்க வந்து பாருங்க. கெமிக்கல் டிரம் அடுக்கி வெச்சிருக்கற கொட்டகைல இருக்கு மோட்டார்."

அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். நல்ல முகம். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

தம்பி ஏதோ சொன்னான். சின்னதாகச் சொன்னான். சோப்பக்கா சொன்னதில் கால்வாசி நீளம்கூட இல்லை.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. சோப்பக்காவின் கையைப் பிடித்து, கீழே கிடந்த போர்வைக் கட்டைக் காட்டி, சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னாள்.

"என்னடா சொல்றாங்க?"

"போர்வை ரொம்ப வெள்ளையா இருக்காம். நல்லாத் தூங்கினாங்களாம். உனக்கு நன்றியாம்."

"நான் சொன்னத என்னன்னுடா சொன்ன?"

"சொன்னத சொன்னேன்."

சோப்பக்கா கையை உருவிக்கொண்டாள். அவன் செத்துப்போனால் எந்தத் துணியால் மூடுவது என்று வழி நெடுகிலும் யோசித்துக்கொண்டே வந்தாள். நல்ல துணி எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். சுவருக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. தொட்டித் தண்ணீரில் வளையம் வளையமாக நெளிந்தது.

தொட்டி எங்காவது ஒழுகினால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொட்டு நீலம் கொஞ்சம் விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நீலம் எந்தச் செங்கல் சந்தில் வெளியே வருகிறதோ அங்கே சிமெண்ட் பூசுவார்கள். யாரையும் கேட்க வேண்டாம். யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து சொட்டு நீலம் பாட்டிலை எடுத்தாள்.

இஸ்திரி பெட்டியில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். "கிணத்துலயா? உனக்குப் பைத்தியமா? அவங்க அங்க ஓட்டறதே நீலம். நீலத்துல நீலம் போய்க் கலந்தா யாருக்குத் தெரியும்?"

"இந்த வாரம் வெள்ளை."

அவன் கரியைக் கீழே வைத்தான். எழுந்து போய்க் குடங்களை எடுத்துவந்தான். குடிக்க, சமைக்க, குளிக்க என்று வீட்டில் இருந்த பாத்திரத்திலெல்லாம் இறைத்து நிரப்பினார்கள். முடிச்சு தடுக்கித் தடுக்கி வந்தது. கடைசி வாளிகளில் சேறு வந்தது.

அவள் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தாள். நீலம் நூல் நூலாக இறங்கி, விரிந்து, பாறைப் பக்கம் சாய்ந்தது. சுவர் இருந்த பக்கம்தான் அது.

"போற வழிய அதுவே காட்டுது பாரு," என்றான் இஸ்திரி.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் மதியம்வரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் போர்வைகளைப் பிழிந்துகொண்டே சுவர்ப் பக்கம் காதை வைத்திருந்தாள். திட்டு, கூச்சல், எவனையாவது எவனாவது அறையும் சத்தம், எதற்கும் தயாராக இருந்தாள். மோட்டார் மட்டும் உறுமியது.

பிறகு தம்பி வந்தான். வாசல் வழியாக வரவில்லை. சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்கு நேராக வந்தான். தோளில் ஒரு வெள்ளை பேண்ட்.

"எவ்வளவு ஊத்தின?"

சோப்பக்காவுக்கு மனசு குளிர்ந்தது. "நீலம் அடிச்சிடுச்சா?"

அவன் பேண்டைக் கொடியில் அவள் போர்வைக்குப் பக்கத்தில் போட்டான். மூன்று பேரும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வெள்ளை. மஞ்சள் இல்லை, சாம்பல் இல்லை. வெயிலில் கண் கூசியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெள்ளையை வெள்ளையாக்கத்தானே வாழ்நாள் முழுக்க அந்த நீலத்தை விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் அவ்வளவு தண்ணீரில் கரைந்தால் வேறு என்ன செய்யும்? துணி வெளுப்பவளுக்கு இது தோன்றாமல் போனதே.

இஸ்திரி சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டான். "உளவு பாக்க அனுப்பின நீலம் அங்கயே வேலைக்குச் சேந்துடுச்சுடி!"

"அந்தம்மா தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, இந்த மாதிரி வெள்ளைய எங்கயும் பாத்ததில்லன்னுட்டாங்க," என்றான் தம்பி. "முதலாளி என் கையக் குலுக்கினாரு. நான் கல்லு மாதிரி நிக்கறேன். இந்த வெள்ளைலதான் நான் வளந்தேன். எனக்குத் தெரியாதா எங்கேர்ந்து வருதுன்னு? இன்னிக்குக் காலைல ஓட்டின லாட் மறுபடியும் மஞ்சளடிக்குது. மொத்த ஆர்டரும் அதே வெள்ளைல வேணுமாம். எவ்வளவு ஊத்தினக்கா?"

"அப்ப போர் ஓடுது."

அவன் கொடியில் கிடந்த பேண்டின் சுருக்கத்தை நீவினான்.

"சீல் வெச்ச போர். காத்துக்கு ஓடற கம்ப்ரசர். என் கிணத்துல விட்டது உன் பேண்டுல வந்திருக்கு. ஓடுதா இல்லயா?"

"சுத்தம் பண்ணின தண்ணில வெள்ளை வராதுக்கா. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி வேணும். கொஞ்சம்தான்."

"அந்தம்மாவ இங்க கூட்டிட்டு வா. எவ்வளவு ஊத்தினேன்னு அவங்ககிட்ட சொல்றேன்."

"வந்தா அட்டை போகும். அட்டை போனா ஆர்டர் போகும். உள்ள எத்தன பேரு வேலை செய்யறாங்க தெரியுமா? எல்லாம் உன்ன மாதிரி வீட்டுக்காரங்கதான்."

"என் கிணறு போனா?"

"மெஷின் வாங்கித் தரேன்."

"மெஷினுக்குள்ள எதடா ஊத்துவேன்? உன் பாட்டிலயா?"

அவன் குரலைத் தணித்தான். அது சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும் குரல். "தினம் ஒரு லாரித் தண்ணி அனுப்பச் சொல்றேன். முதலாளிகிட்ட நான் பேசறேன். உன் தொட்டி எப்பவும் நிறஞ்சே இருக்கும். கயிறு இழுக்க வேண்டாம். தோள்வலி இருக்காது."

அவள் தோள் அதைக் கேட்டது. இல்லையென்று சொல்ல முடியாது.

"அந்த லாரி எங்கேர்ந்து ரொப்பும்?"

"எங்கேர்ந்தாவது ரொப்பும். உனக்கெதுக்கு அது?"

"வேற எவளோ ஒருத்தி கிணத்துலேர்ந்து. அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான், பாட்டிலோட வருவான்."

தணிந்த குரல் போய்விட்டது. "நாளைக் காலைல வரைக்கும் டைம். நீ சொல்லலன்னா நான் ஊத்திப் பாத்துக் கண்டுபிடிச்சுக்கறேன். ஆனா அப்பறம் அவங்க இன்னும் ஆழமாப் போர் போடுவாங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். இது கிணறா இருக்காது, குழியா இருக்கும். குப்பை கொட்டிக்கோ."

"குழியானா முதல்ல உன்னத்தான்டா தள்ளுவேன்."

அவன் பேண்டை மட்டும் கொடியிலிருந்து உருவிக்கொண்டு போனான். போர்வை பாதி நழுவிக் கீழே மண்ணில் விழுந்தது. அவள் மறுபடி துவைத்தாள்.

காலையில் அவள் குரல் இனிமையாக இருந்தது. இஸ்திரியே திரும்பிப் பார்த்தான். தொட்டி மேல் ஏறி நின்று சுவருக்கு அந்தப்புறம் கூப்பிட்டாள்.

"தம்பி! இருக்கியா?"

டிரம் உருளும் சத்தம் நின்றது. "சொல்லுக்கா."

"அளவு எல்லாம் உனக்கு வராது. அது கைப்பழக்கம். நானே ஊத்திடறேன். நீ ஓட்டு."

"நெசமாவா?"

"கூடப் பொறந்தவளா போயிட்டேனே. என்ன பண்றது? முழு லாட்டும் போடு. அந்தம்மாவயும் பக்கத்துலயே வெச்சுக்கோ. வெள்ளைய அவங்களே பாக்கட்டும்."

"அக்கா, உனக்கு..."

"லாரி மறந்துடாத."

அவள் இறங்கினாள். லாட்ஜுக்கென்று மொத்தமாக வாங்கி வைத்திருந்த சொட்டு நீலம் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். கூடவே பழைய சாயப் பொட்டலங்கள் இருந்தன. வெளிறிப்போன திரைச்சீலைகளுக்காக வாங்கியவை. அவற்றையும் எடுத்தாள். எல்லாம் நீலம்.

இஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தான். "குடிக்கற தண்ணிடி இது."

"ரெண்டு மாசத்துல இதுவும் இல்ல. தெரியுமில்ல?"

அவன் ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். அவளிடம் நீட்டினான். அடுத்ததைத் திருகினான். அவன் திருகத் திருக அவள் கவிழ்த்தாள். கிணற்றின் அடியில் தண்ணீர் கறுத்தது. மோட்டார் உறும உறும அது சுவர்ப் பக்கமாகவே சரிந்துகொண்டிருந்தது.

வெயில் ஏறியது. அவள் துவைக்கவில்லை. கொடியில் துணி இல்லாமல் கொல்லை அகலமாகத் தெரிந்தது.

முதலில் அந்தப்புறம் யாரோ பெயர் சொல்லிக் கத்தினார்கள். பிறகு பலர். இரும்புக் கதவு ஒன்று மோதியது. ஓடும் காலடிகள். பிறகு, கம்பெனி வந்த நாளிலிருந்து அவள் கேட்டிராத ஒன்று கேட்டது. மோட்டார் நின்றுவிட்டது. தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆயிற்று. அதில் வானமும் கொடிக் கம்பியும் அசையாமல் தெரிந்தன.

சுவருக்கு மேல் தம்பியின் தலை எழும்பியது. டிரம் மேல் ஏறியிருக்க வேண்டும். கன்னத்தில் நீலம் தெறித்திருந்தது.

"அடிப்பாவி! மொத்த லாட்டும் போச்சுடி!"

கூடப் பிறந்தவளை அவன் 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

"அந்தம்மா இருக்காங்களா?"

"கொட்டகைல நிக்கறாங்க. குழாயத் திறந்து பாத்துட்டு இருக்காங்க. நீலமாக் கொட்டுது. சீல் வெச்ச போர்லேர்ந்து எப்படி வருது, எங்கேர்ந்து வருதுன்னு என்னத்தான் கேக்கறாங்க. முதலாளி பக்கத்துலயே நிக்கறாரு."

"நீதான மொழிபெயர்க்கறவன். சொல்லு."

"என் வேலை போச்சு."

"எனக்கு அடுப்பு போயிருக்கும்."

பின்னாலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. சுவர் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"நீ ஜெயிச்சுட்டன்னு நினைக்காத. இந்தம்மா நாளைக்குப் போயிடுவாங்க. அவங்க போனா வேற ஆளு வருவான். வெள்ளையும் இந்த வாரத்தோட முடிஞ்சுது. திங்கக்கெழமைலேர்ந்து நீல பேண்ட் ஓடும். மோட்டாரும் ஓடும். அப்ப எதக்கா ஊத்துவ? நீலத்துல நீலத்தயா?"

சோப்பக்கா தாழ்வாரத்தைப் பார்த்தாள். இஸ்திரிப் பலகைக்கு அடியில் ஒரு மூட்டை சாய்ந்திருந்தது. கறை பிடித்த போர்வைகளுக்கு வைத்திருப்பது.

"அதுக்கு பிளீச்சிங் பவுடர் இருக்கு," என்றாள். "கிணத்துல எல்லாரும் போடறதுதான். எவனும் வந்து ஏன்னு கேக்க முடியாது. அலசி எடுக்கற ஒவ்வொரு பேண்டும் வரி வரியா வெளுத்து வரும். டிசைன்னு சொல்லி வித்துக்கோ."

அவன் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள், இந்த முறை அந்த அம்மாவின் குரல். தலை இறங்கியது. டிரம் சாய்ந்து உருண்டது.

"சாப்பிட வருவானா இனிமே?" என்றான் இஸ்திரி.

"பாட்டில் இங்கதான் இருக்கு. வந்தா குடிக்கட்டும்."

அவர்கள் நிழலில் உட்கார்ந்து நிரப்பி வைத்த தண்ணீரை அளந்து குடித்தார்கள். அந்தப்புறம் மெஷின் எதுவும் ஓடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து சின்னச் சத்தம் வந்தது. பாறைச் சந்தில் ஏதோ கசிந்து சொட்டும் சத்தம். அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

நிழல் சுவரைத் தொட்டதும் எழுந்து போய் வாளியை இறக்கினாள். இந்த நீலத்தை இறைத்துக் கொட்டி முடிக்க நாளாகும். சுவரின் காலிலேயே கொட்டலாம் என்றிருந்தாள். கயிறு உருளையில் ஓடியது. முடிச்சு தடுக்கும் இடத்துக்காகத் தோளை இறுக்கினாள்.

வாளி அதற்கு முன்பே தண்ணீரில் மோதியது. முடிச்சு இன்னும் அவள் கையில் இருந்தது.